அடிக்கடி மக்கர் செய்யும் குடும்பக் கார்: அறிகுறியைக் கொண்டு பழுதைத் தேடும் முறை

எங்கள் பெட்ரோல் காரில் ஏழு பேர் அமரலாம். பின்னிருக்கையை மடக்கினால் ஒரு சிறிய அலமாரியையே ஏற்றலாம். நினைத்த நேரத்தில் கிளம்பும் என்ற உறுதி மட்டும் இல்லை. ஒன்பது ஆண்டுகளாக அதைப் பழுதுபார்த்து ஓட்டியபோது எழுதிவைத்த குறிப்புகளை, கார் காட்டும் அறிகுறிகளின்படி இங்கே தொகுத்திருக்கிறேன். ஒவ்வொரு அறிகுறியின் கீழும் காசே செலவாகாத காரணம் முதலிலும், பெருஞ்செலவு வைக்கும் காரணம் கடைசியிலும் வருகின்றன. அந்த வரிசையைத் தாண்டிச் செல்ல வேண்டாம். இந்தக் காருக்காக நான் வீணாக்கிய பணத்தில் பெரும்பகுதி, பழுதடைந்த பாகங்களுக்குப் போகவில்லை. சோதிக்காமல், ஊகத்தின் பேரில் கழற்றி எறிந்த நல்ல பாகங்களுக்கே போனது.

காரில் எப்போதும் இருக்க வேண்டியவை: ஒரு மல்டிமீட்டர் (வோல்ட், ஆம்பியர் அளக்கும் கருவி), ஜம்பர் கேபிள் (இன்னொரு காரின் பேட்டரியோடு இணைக்கும் தடித்த வயர்), 10 எம்எம் ஸ்பேனர், டார்ச், கையுறை, ஓபிடி ரீடர் (காரின் கணினி பதிந்துவைக்கும் பழுதுக் குறியீட்டைப் படிக்கும் கருவி), பேனாவுடன் ஒரு குறிப்பேடு. குறிப்பேடு எதற்கு என்பது கடைசியில் வருகிறது.

## செல்ஃப் எடுக்கவில்லை

செல்ஃப் என்பது இன்ஜினைச் சுற்றிக் கிளப்பும் ஸ்டார்ட்டர் மோட்டார். என் குறிப்பேட்டில் பாதிப் பக்கங்களை இந்த ஓர் அறிகுறியே நிரப்பியிருக்கிறது. ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். விளக்கு என்ன ஆகிறது, காதில் என்ன கேட்கிறது என்ற இரண்டையும் வைத்தே அடுத்த சோதனையை முடிவுசெய்ய வேண்டும்.

### விளக்கு மங்குகிறது. 'டக டக டக' என்று தொடர்ந்து கேட்கிறது

பேட்டரியின் இரு முனைக் கவ்விகளையும் கையால் திருகிப் பாருங்கள். கையால் அசைந்தால் அது தளர்ந்திருக்கிறது என்று பொருள்; இறுக்கினாலே பல நேரம் வண்டி கிளம்பிவிடும். முனையில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பொடி பூத்திருந்தால், கவ்வியைக் கழற்றி, சமையல் சோடா கலந்த வெந்நீரால் தேய்த்துக் கழுவி, நன்றாக உலர்த்தி மாட்டுங்கள். கழற்றும்போது நெகட்டிவ் கவ்வி முதலில் வர வேண்டும். மாட்டும்போது அது கடைசியில் போக வேண்டும். இந்த ஒழுங்கை மறந்தால், ஸ்பேனர் பாடியில் பட்டுத் தீப்பொறி பறக்கும்.

கவ்விகள் சரியாக இருந்தால் மல்டிமீட்டரை எடுங்கள். சில மணி நேரம் ஓடாமல் நின்ற காரில் 12.6 வோல்ட் காட்டினால் பேட்டரி நிறைவாக இருக்கிறது, 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12க்குக் கீழே என்றால் காலி. வேறொரு காரிலிருந்து ஜம்ப் கொடுத்துக் கிளப்பிய பிறகு, ஹெட்லைட்டும் ஏசி விசிறியும் ஓடும் நிலையில் மீண்டும் அளந்து பாருங்கள். 13.8 முதல் 14.5 வரை காட்டினால் ஆல்டர்னேட்டர் (இன்ஜின் ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் பாகம்) தன் வேலையைச் செய்கிறது. 13க்குக் கீழே தங்கினால் முதலில் அதைச் சுழற்றும் பெல்ட் தளர்ந்திருக்கிறதா என்று பார்த்து, அதன் பிறகே ஆல்டர்னேட்டரைச் சந்தேகியுங்கள். முழுதாகச் சார்ஜ் ஏற்றிய பேட்டரியே செல்ஃப் அடிக்கும்போது 9.6 வோல்ட்டுக்கும் கீழே விழுந்தால், அதற்கு வயதாகிவிட்டது; மாற்றிவிடலாம்.

ஜம்ப் கொடுக்கும்போது கடைசி நெகட்டிவ் இணைப்பை இறங்கிப்போன பேட்டரியின் முனையில் கொடுக்காமல், இன்ஜினின் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியில் கொடுங்கள். பேட்டரியிலிருந்து வெளிவரும் ஹைட்ரஜன் வாயுவின் அருகில் தீப்பொறி வரக் கூடாது.

### விளக்கு பளிச்சென்று இருக்கிறது. ஒரே ஒரு 'டக்' மட்டும் கேட்கிறது

ஸ்டார்ட்டர் மோட்டாரை மாற்ற வேண்டும் என்று பெரும்பாலோர் உடனே சொல்வார்கள். எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். ஒரே ஆண்டில் இரண்டு பேட்டரிகளும் ஒரு ஸ்டார்ட்டரும் வாங்கினேன். பழுது, பேட்டரித் தட்டுக்கு அடியில் பார்வைக்குப் படாமல் கிடந்த எர்த் வயரில் (பேட்டரியின் நெகட்டிவை இன்ஜின் உலோகத்தோடு இணைக்கும் வயர்) இருந்தது: வெளியே உறை நன்றாக இருக்க, உள்ளே செம்புக் கம்பிகள் பச்சை பூத்து உதிர்ந்திருந்தன.

ஆகவே, ஜம்பர் கேபிள் ஒன்றின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் மறுமுனையை இன்ஜின் உலோகத்திலும் மாட்டி, சாவியைத் திருப்பிப் பாருங்கள். கிளம்பிவிட்டால் எர்த் வயர்தான் குற்றவாளி. மீட்டரைக் கொண்டும் இதை உறுதிசெய்யலாம்: செல்ஃப் அடிக்கும் நேரத்தில் பேட்டரியின் நெகட்டிவுக்கும் இன்ஜின் உலோகத்துக்கும் இடையில் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால், அந்தப் பாதையில் தடை இருக்கிறது.

எர்த் நன்றாக இருந்தால், ஒருவர் சாவியைத் திருப்பிப் பிடித்திருக்க, இன்னொருவர் ஸ்டார்ட்டரின் மேல் ஸ்பேனர் பிடியால் மெதுவாகத் தட்டலாம். கியர் நியூட்ரலிலும் கைபிரேக் இழுத்தும் இருக்க வேண்டும். தட்டியதும் சுற்றினால், பெரும்பாலும் உள்ளே கார்பன் பிரஷ் (சுழலும் பகுதிக்கு மின்சாரம் கடத்தும் கரித்துண்டு) தேய்ந்திருக்கிறது. இந்த உதவி சில நாட்களுக்கே கிடைக்கும் என்பதால் அன்றே பட்டறைக்கு ஓட்டிச் செல்லுங்கள். பழைய ஸ்டார்ட்டரில் பிரஷ் மட்டும் மாற்றித் தர முடியுமா என்று கேட்டுவிட்டுப் புதிதைப் பற்றிப் பேசலாம்.

### எந்தச் சத்தமும் இல்லை

ஆட்டோமேட்டிக் வண்டியானால் கியர் நெம்புகோலை நியூட்ரலுக்கு நகர்த்தி முயலுங்கள். மேனுவலானால் க்ளட்சைத் தரைவரை அழுத்துங்கள். மிதியடி விரிப்பு சுருண்டு க்ளட்சுக்கு அடியில் போயிருந்ததால் ஒரு மழைநாளில் முக்கால் மணி நேரம் நின்றிருக்கிறேன். அடுத்து, டேஷ்போர்டில் சாவிப் படமோ பூட்டுப் படமோ விடாமல் மின்னினால், கார் சாவியை அடையாளம் காணவில்லை; மாற்றுச் சாவியால் முயலுங்கள். பட்டன் ஸ்டார்ட் வண்டிகளில் சாவியின் சிறு பேட்டரி தீர்ந்திருக்கும். பெரும்பாலானவற்றில் சாவியையே பட்டன்மீது ஒட்டிப் பிடித்து அழுத்தினால் கிளம்பும். பிறகு ஸ்டார்ட்டர் பியூஸ், ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சிறு ஸ்விட்ச்). ஒரே எண் பொறித்த ஹார்ன் ரிலேயைக் கழற்றி இங்கே மாட்டிப் பார்ப்பது காசில்லாத சோதனை. இதையும் தாண்டினால் இக்னிஷன் ஸ்விட்ச், வயரிங் என்று போகும். ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள்.

### இரண்டு மூன்று நாள் நிறுத்தினால் மட்டும் பேட்டரி இறங்குகிறது

காரைப் பூட்டிய பிறகும் ஏதோ ஒன்று மின்சாரத்தைக் குடிக்கிறது. டிக்கி விளக்கும் டேஷ்போர்டுப் பெட்டி விளக்கும் முதல் சந்தேகத்துக்குரியவை. செல்போனில் வீடியோ பதிவை ஓடவிட்டு உள்ளே வைத்து மூடித் திறந்தால், விளக்கு அணைந்ததா இல்லையா என்று பதிவே சொல்லிவிடும். அதன் பிறகு, வெளியில் வாங்கிப் பொருத்திய கேமரா, ஸ்டீரியோ, டிராக்கர் ஆகியவற்றின் இணைப்பை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள்.

கண்டுபிடிக்க முடியாவிட்டால் அளக்க வேண்டும். நெகட்டிவ் கவ்வியைக் கழற்றி, கவ்விக்கும் பேட்டரி முனைக்கும் நடுவில் மல்டிமீட்டரை 10 ஆம்பியர் அளவில் இணையுங்கள். கதவுகளை மூடி, காரின் கணினிகள் உறங்கும் வரை அரை மணி நேரம் காத்திருங்கள். அப்போது 50 மில்லிஆம்பியருக்குக் கீழே இருந்தால் கவலையில்லை. அரை ஆம்பியர் ஓடினால் ஒரு நாளைக்கு 12 ஆம்பியர்-மணி போகிறது. 45 ஆம்பியர்-மணி பேட்டரியில் இரண்டே நாளில் பாதிக்கும் மேல் தீர்ந்துவிடும். பியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, எதைப் பிடுங்கும்போது அளவு சட்டென்று இறங்குகிறது என்று பாருங்கள்; கசிவு அந்தச் சுற்றில் இருக்கிறது. மீட்டர் இணைந்திருக்கும்போது மறந்தும் சாவியைத் திருப்பாதீர்கள்; மீட்டரின் பியூஸ் போய்விடும்.

## செல்ஃப் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை

சொல்ல வெட்கமாக இருந்தாலும் முதலில் சொல்ல வேண்டியது பெட்ரோல். டேங்க் மிதவை பழுதானால், காலியான டேங்குக்கும் முள் கால்பங்கு காட்டும். ஐந்து லிட்டர் ஊற்றிப் பார்ப்பது மற்ற எல்லாச் சோதனைகளையும்விட மலிவானது. பெட்ரோல் வாடை கடுமையாக அடித்தால் இன்ஜினில் எரிபொருள் மிகுந்துவிட்டது. ஆக்ஸிலேட்டரை முழுவதும் அழுத்திப் பிடித்துக்கொண்டே செல்ஃப் அடித்தால், பெரும்பாலான இன்ஜெக்‌ஷன் வண்டிகள் எரிபொருளை நிறுத்திக் காற்றை மட்டும் உள்ளிழுக்கும்.

பிறகு, சுற்றும் அமைதியான இடத்தில் சாவியை ஆன் நிலைக்கு மட்டும் திருப்புங்கள். பின்னிருக்கைப் பக்கத்திலிருந்து இரண்டு வினாடி மெல்லிய ரீங்காரம் கேட்டால் பெட்ரோல் பம்ப்புக்கு மின்சாரம் வருகிறது. கேட்காவிட்டால் பியூஸ், ரிலே என்ற வரிசையில் பாருங்கள்; இரண்டும் சரியென்றால் டேங்கின் அடிப்புறத்தைக் கையால் தட்டிவிட்டு மீண்டும் முயலுங்கள். தட்டலில் உயிர்பெறும் பம்ப், மரணப்படுக்கையில் இருக்கும் பம்ப். பெட்ரோல் குழாயை நீங்களே கழற்ற வேண்டாம். அதற்குள் அழுத்தம் நிற்கிறது.

பம்ப் ஓடியும் பிடிக்கவில்லை என்றால், செல்ஃப் சுற்றும்போது ஆர்பிஎம் முள்ளைக் கவனியுங்கள். சிறிதும் அசையாமல் பூஜ்யத்திலேயே கிடந்தால், பல வண்டிகளில் அது கிராங்க் சென்சாரை (இன்ஜின் சுழல்வதைக் கணினிக்குச் சொல்லும் சென்சார்) சுட்டும். ஓடிக்கொண்டிருந்த கார் சூடான பின் திடீரென்று நின்று, அரை மணி நேரம் ஆறியதும் ஒன்றும் நடக்காதது போலக் கிளம்பினால் சந்தேகம் இன்னும் வலுக்கிறது. இந்தச் சென்சார் விலையில் சிறியது, நடுச்சாலையில் வைக்கும் ஆபத்தில் பெரியது, தள்ளிப்போடாதீர்கள்.

உடனே நிறுத்த வேண்டிய நிலை: செல்ஃப் வழக்கத்தைவிட வேகமாகவும், தடையே இல்லாதது போல ஒரே சீராகவும் சுற்றினால், டைமிங் பெல்ட் (இன்ஜின் சுழற்சியோடு ஒத்து வால்வுகளை இயக்கும் பெல்ட்) அறுந்திருக்கலாம். மேலும் ஒரு முறை முயல்வதுகூட வால்வுகளை வளைக்கக்கூடும். சாவியை எடுத்துவிட்டு இழுவை வண்டியை அழையுங்கள்.

## வெப்பமானி முள் மேலே ஏறுகிறது

வண்டி நின்றுபோனால் நேரம் மட்டுமே போகும். இந்த அறிகுறியைப் பொருட்படுத்தாமல் ஓட்டினால் இன்ஜினே போகும். ஏசியை அணைத்து, ஹீட்டரை முழு வெப்பத்திலும் முழு விசிறியிலும் வைத்து, ஓரம் கட்டுங்கள். முள் இறங்காவிட்டால் இன்ஜினை அணையுங்கள். ரேடியேட்டர் மூடியைக் குறைந்தது முக்கால் மணி நேரத்துக்குத் தொடவே கூடாது. திறந்த கணத்தில் கொதிநீர் முகத்தில் பீறிடும். சூடான இன்ஜினில் குளிர்ந்த நீர் ஊற்றுவதும் கூடாது. ஏறி நின்ற முள் திடீரென்று கீழே விழுந்தால் நிம்மதி அடையாதீர்கள்: கூலண்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) முழுதும் வெளியேறி, சென்சார் வெறுங்காற்றில் நிற்கும்போதும் அப்படி நடக்கும்.

ஆறிய பிறகு கூலண்ட் அளவைப் பாருங்கள். குறைந்திருந்தால், நிரப்புவதற்கு முன்பே கசிவைத் தேடுங்கள்: ஹோஸ் இணைப்புகள், ரேடியேட்டரின் அடிப்பகுதி, வாட்டர் பம்ப்பின் கீழ்ப்புறம், காருக்குள் முன்பயணியின் காலடி விரிப்பு. விரிப்பு ஈரமாகி இனிப்பு வாடை அடித்தால் ஹீட்டரின் உள் ரேடியேட்டர் ஒழுகுகிறது. அவசரத்துக்கு வெறும் தண்ணீர் ஊற்றி வீடு சேரலாம். ஆனால் அதை அப்படியே விட்டுவிட்டால் உட்புறம் துருவும் உப்பும் படியும்.

### நெரிசலில் மட்டும் ஏறுகிறது, நெடுஞ்சாலையில் இறங்கிவிடுகிறது

காரணம் ஏறக்குறைய எப்போதும் ரேடியேட்டர் விசிறிதான். இன்ஜினை ஓடவிட்டு ஏசியைப் போடுங்கள். பெரும்பாலான கார்களில் விசிறி சில நொடிகளில் சுற்றத் தொடங்க வேண்டும். சுற்றாவிட்டால் பியூஸ், ரிலே, பிளக் இணைப்பு, கடைசியாக மோட்டார். சில கார்களில் இன்ஜினை அணைத்த பிறகும் விசிறி தானாகவே ஓடும் என்பதால் கையை விலக்கியே வையுங்கள்.

### நெடுஞ்சாலையில் ஏறுகிறது

ரேடியேட்டரில் காற்றோட்டமோ நீரோட்டமோ போதவில்லை. ரேடியேட்டரின் முகத்தில் பூச்சியும் மண்ணும் அப்பியிருந்தால், தண்ணீரை இன்ஜின் பக்கத்திலிருந்து வெளிப்புறமாக மெதுவாகப் பாய்ச்சிக் கழுவுங்கள். ரேடியேட்டருக்குப் போகும் இரண்டு பெரிய ஹோஸ்களில் ஒன்று கொதிக்கவும் மற்றது குளிர்ந்தே இருக்கவும் கண்டால், தெர்மோஸ்டாட் (சூடானதும் கூலண்டுக்கு வழிவிடும் வால்வு) மூடியபடியே சிக்கியிருக்கிறது, சிறு செலவு. முள் மேலே ஏறியும் ஹீட்டரில் குளிர்காற்று வந்தால், கூலண்ட் குறைவு அல்லது வாட்டர் பம்ப் பழுது.

### கூலண்ட் குறைகிறது, கசிவு எங்கும் தெரியவில்லை

முதலில் மூடியைச் சோதியுங்கள். ரப்பர் வெடித்த மூடி, அழுத்தத்தைத் தாங்காமல் ஆவியாக வெளியேற்றிவிடும். நான் ஒன்றரை ஆண்டு தேடிய பழுது அதுவாக இருந்தது. மூடி நன்றாக இருந்தால் ஹெட் கேஸ்கட்டை (இன்ஜினின் மேல்பாகத்துக்கும் கீழ்பாகத்துக்கும் இடையில் உள்ள அடைப்பு) நோக்கிப் போக வேண்டியிருக்கிறது. அதன் அறிகுறிகள்: சைலன்சரில் சூடான பிறகும் ஓயாத வெண்புகை, ரிசர்வ் டேங்கில் விடாத குமிழ்கள், டிப்ஸ்டிக்கில் (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) பால் கலந்தது போன்ற ஆயில். ஆயில் மூடியின் அடியில் மட்டும் சிறிது வெண்ணெய் போலப் படிந்திருப்பது, குறுந்தூரமே ஓடும் வண்டிகளில் இயல்பு. அதை வைத்து மட்டும் இன்ஜினைப் பிரிக்க யாருக்கும் சம்மதம் தராதீர்கள். கூலண்டில் இன்ஜினில் எரிந்த வாயு கலந்திருக்கிறதா என்று காட்டும் நீல நிறத் திரவச் சோதனை ஒன்று உண்டு. வாயு இருந்தால் அது மஞ்சளாகும். அந்தச் சோதனையைக் கண்ணால் பார்த்த பிறகே பெரிய வேலைக்கு ஒப்புக்கொள்ளுங்கள்.

## இன்ஜின் உதறுகிறது, பிக்கப் இல்லை

செக் இன்ஜின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் வேகத்தைக் குறைத்து ஓரமாக நிறுத்துங்கள். எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குள் (புகையைச் சுத்திகரிக்கும் பாகம்) போய் எரிந்து, அதை உருக்கிக்கொண்டிருக்கிறது. நிலையாக எரிந்தால் மெதுவாக வீடு போகலாம்.

ஓபிடி ரீடரில் பி0301 முதல் பி0304 வரை ஏதேனும் ஒன்று வந்தால், கடைசி இலக்கம் எந்தச் சிலிண்டர் மிஸ் அடிக்கிறது, அதாவது பெட்ரோலை ஒழுங்காக எரிக்கவில்லை என்பதைச் சொல்கிறது. அந்தச் சிலிண்டரின் காயிலை (ஸ்பார்க் பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் பாகம்) கழற்றிப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றுங்கள். குறியீட்டைத் துடைத்துவிட்டு ஓட்டுங்கள். குறியீடு காயிலோடு சேர்ந்து நகர்ந்தால் காயில் பழுது. நகராவிட்டால் அதேபோல ஸ்பார்க் பிளக்கை மாற்றிப் பாருங்கள். அதுவும் நகராவிட்டால் இன்ஜெக்டர் (பெட்ரோலைத் தெளிக்கும் பாகம்), அதன் பின் கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் அழுத்தம்) சோதனை. இந்த இரண்டும் பட்டறை வேலை. பி0300 என்றால் மிஸ் எல்லாச் சிலிண்டரிலும் அலைகிறது. ஏர் ஃபில்டர், விரிசல் விட்ட வேக்குவம் ஹோஸ், பெட்ரோல் அழுத்தம் ஆகிய பொதுவான காரணங்களைத் தேடுங்கள். ஹோஸில் 'உஸ்' என்ற ஓசை வரும் இடத்தில் சோப்பு நீரைத் தடவும்போது ஐடிலிங் (ஆக்ஸிலேட்டரை அழுத்தாதபோது இன்ஜின் ஓடும் வேகம்) மாறினால் கசிவு அங்கேதான்.

குறியீடு என்பது காரின் புகார் மட்டுமே. ஆக்ஸிஜன் சென்சார் பற்றிய குறியீடு வந்தவுடன் அந்தச் சென்சாரை மாற்றச் சொல்பவரிடம், சைலன்சர் இணைப்பில் ஓட்டை இருக்கிறதா என்று பார்த்தீர்களா எனக் கேளுங்கள்.

## பிரேக்

இங்கே வீட்டுச் சோதனை, கண்ணால் பார்ப்பதோடு முடிகிறது. கீச்சென்ற ஒலி, பேட் (சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கைப் பிடித்து நிறுத்தும் கட்டை) தேய்ந்ததன் எச்சரிக்கை. சக்கர இடைவெளியில் டார்ச் அடித்துப் பாருங்கள், 3 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் மாற்ற வேண்டும். உலோகம் அரைபடும் ஓசை வந்தால் பேட் தீர்ந்து டிஸ்க்கைத் தின்கிறது. பிரேக் பிடிக்கும்போது மட்டும் ஸ்டீரிங் துடித்தால் டிஸ்க் சமமாக இல்லை. மிதி பஞ்சுபோல் அமுங்கினாலோ, அழுத்திப் பிடித்திருக்கும்போதே மெல்லக் கீழே இறங்கினாலோ, பிரேக் திரவ அளவைப் பார்த்துவிட்டு சாவியைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். பட்டறைக்குக்கூட அதை ஓட்டிச் செல்லக் கூடாது.

## தரையில் கறை

இரவில் ஓர் அட்டையை அடியில் விரித்துவைத்தால் இடமும் நிறமும் தெரிந்துவிடும். நிறமற்ற நீர், ஏசியிலிருந்து வடிவது, விட்டுவிடுங்கள். பச்சை, இளஞ்சிவப்பு, ஆரஞ்சு நிறங்களில் வழவழப்பான நீர் கூலண்ட். பழுப்பும் கறுப்பும் இன்ஜின் ஆயில். சிவப்பான எண்ணெய் பெரும்பாலும் கியர் அல்லது பவர் ஸ்டீரிங்குக்கு உரியது. சக்கரத்தை ஒட்டி வெளிர்மஞ்சள் திரவம் இருந்தால் அது பிரேக் திரவமாக இருக்கலாம், வண்டியை எடுக்காதீர்கள். ஓடும்போது ஆயில் கேன் படமுள்ள சிவப்பு விளக்கு எரிந்தால், அடுத்த பெட்ரோல் நிலையம்வரை என்று கணக்குப் போடாமல் அந்த இடத்திலேயே இன்ஜினை அணையுங்கள்.

## அடியிலிருந்து வரும் சத்தங்கள்

80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டும்போது ஸ்டீரிங் அதிர்ந்தால் பெரும்பாலும் வீல் பேலன்சிங் செய்தாலே போதும். முழுதாகத் திருப்பும்போது 'கட கட' என்றால் சக்கரத்தை இயக்கும் ஆக்ஸில் மூட்டு. அதன் ரப்பர் உறை கிழிந்திருக்கிறதா என்று பாருங்கள். வேகத்தோடு வளரும் ஹூங்காரம், வளைவில் கூடியும் குறைந்தும் கேட்டால் வீல் பேரிங். மேடுபள்ளத்தில் 'டொக்' என்ற ஒலி பெரும்பாலும் ஸ்டெபிலைசர் லிங்க் அல்லது புஷ் (சக்கரத்தை உடலோடு இணைக்கும் அமைப்பின் சிறு பாகங்கள்). மெக்கானிக் அடியில் கடப்பாரையை விட்டு அசைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

## வந்துவந்து போகும், பட்டறையில் மட்டும் வராத பழுது

குறிப்பேடு இதற்காகத்தான். ஒவ்வொரு முறையும் தேதி, இன்ஜின் சூடா குளிரா, எவ்வளவு நேரம் ஓடிய பின், பெட்ரோல் அளவு, மழையா வெயிலா, எரிந்த விளக்குகள், அதற்குச் சற்று முன் செய்த காரியம் ஆகியவற்றை எழுதுங்கள். "சில சமயம் ஸ்டார்ட் ஆகவில்லை" என்று மெக்கானிக்கிடம் சொன்னால் அவரால் ஊகிக்க மட்டுமே முடியும்.

எங்கள் காரில் இப்படி ஒன்று ஏழு மாதம் ஆட்டம் காட்டியது. கிளம்பச் சிரமப்படும், கிளம்பினாலும் உதறி அணையும், பத்து நிமிடத்தில் சரியாகிவிடும். பெட்ரோல் பம்ப்பை மாற்றலாம் என்று இரண்டு இடங்களில் சொன்னார்கள். குறிப்பேட்டைப் புரட்டியபோது பதினொரு பதிவுகளில் பத்தில் "சற்று முன் செய்த காரியம்" என்ற இடத்தில் ஒரே வரி இருந்தது: பெட்ரோல் நிரப்பினோம். டேங்கில் எழும் ஆவியை இன்ஜினுக்கு அனுப்பும் பர்ஜ் வால்வு திறந்தபடியே சிக்கியிருந்தது. டேங்கை நிரப்பும்போது பொங்கிய ஆவி, அணைந்திருந்த இன்ஜினுக்குள் தேங்கிவிட்டது. உங்களுக்கும் இந்த அறிகுறி இருந்தால், ஐடிலிங்கில் ஓடும் இன்ஜினில் அந்த வால்வின் மின்பிளக்கைக் கழற்றிவிட்டு, டேங்க் பக்கமிருந்து வரும் ஹோஸையும் உருவி, வால்வின் வாயில் விரலை வையுங்கள். மின்சாரம் இல்லாதபோது அது மூடியிருக்க வேண்டும். விரலை உள்ளிழுத்தால் வால்வை மாற்றுங்கள். எங்கள் காரில் ஒரு ஸ்க்ரூடிரைவரும் கால் மணி நேரமும் போதுமாக இருந்தன.